ஈயத் தகடு

மூன்றாம் நாள் காலை மிலான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாத்தியதோடு விடவில்லை, உட்பக்கமாக எதையோ இழுத்து முட்டுக்கொடுக்கிற சத்தமும் கேட்டது. துவைக்கிற உடுப்புக் கூடையோடு மேல்படியில் நின்ற சிவனேஸ்வரி காதைக் கூர்மையாக்கிக்கொண்டாள். நம்முடைய வீடு, நம்முடைய குளியலறை. அதற்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டு இந்த மனுசன் அப்படி என்னதான் செய்கிறான்?

புதிதாகக் குடியேறிய நாட்டில், மல்கிரேவ் என்கிற புறநகரில் அந்த வீட்டை அவர்கள் வாங்கி ஒன்றரை வருசம் ஆகியிருந்தது. சரிவான காணி. தெருவிலிருந்து பார்த்தால் ஒற்றைத் தட்டு வீடு. பின்வளவுக்குப் போய்ப் பார்த்தால் இரண்டு தட்டு. குசினிக்குப் பக்கத்தால் இறங்கும் படிக்கட்டு, மண்ணுக்குள் பாதி புதைந்து கிடந்த கீழ்த்தட்டில் கொண்டுபோய் விடும். அங்கே கார் விடுகிற இடம், உடுப்புத் தோய்க்கிற அறை, அதன் மூலையில் முன்னிருந்தவர்கள் ஏனோதானோவென்று கட்டிவைத்த ஒரு குட்டிக் குளியலறை. ஆறடிக்கு ஐந்தடி. தகரத்தால் அடைத்த ஷவர், வெடித்த பேசின், எந்தக் கோடையிலும் காயாத பூஞ்சண மணம். வந்த நாள் தொட்டு அதற்குள் ஒருவரும் குளித்ததில்லை.

எழுபத்தாறாம் ஆண்டு மே மாதம் தங்கச்சி யோகராணிக்கு விசா கிடைத்த தந்தி வந்தது. ஆகஸ்டில் அவளும் புருசனும் இரண்டு பிள்ளைகளும் வந்து இறங்குகிறார்கள். வீடு பிடிக்கும்வரை இங்கேதான் இருப்பார்கள். மேலே இருக்கிற ஒரு குளியலறைக்கு முன்னால் காலையில் ஏழு பேர் வரிசையில் நிற்பதை நினைத்துப் பார்த்த தேவராஜா, கீழ்க் குளியலறையை உடைத்துப் புதிதாகக் கட்டுவது என்று முடிவுகட்டினார். சுற்றிவர டைல் பதித்த ஷவர், புது பேசின், புதுக் கதவு. டண்டினொங்கில் அவர் வேலைசெய்த தொழிற்சாலையில் ஒருவர் மிலானின் பெயரைக் கொடுத்தார். யூகோஸ்லாவியாக்காரர். ஐம்பது வயதிருக்கும். நரைத்த தலை, தடித்த கழுத்து, பாதி இங்கிலிஸ்.

தேவராஜா காலை ஏழு மணிக்குக் காரெடுத்தால் மாலை ஆறு மணிக்குத்தான் திரும்புவார். மகள் கலா எட்டரைக்குப் பள்ளிக்கூடம் போய்விடுவாள். அதற்குப் பிறகு வீட்டில் சிவனேஸ்வரியும் கீழே அந்த மனுசனும்தான். ஊரில் ஒன்பது வருசம் பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவள். இங்கே, அங்கீகாரத்துக்கு அனுப்பிய அவளுடைய சான்றிதழ்கள் எந்த மேசையில் கிடக்கின்றன என்பதே தெரியாது. கையில் வேலையில்லாத விஞ்ஞான ரீச்சரின் காது எவ்வளவு கூர்மையாக இருக்கும் என்பதை மிலான் அறிந்திருக்க நியாயமில்லை.

முதல் நாள் அவர் பழைய சாமானெல்லாவற்றையும் உடைத்துச் சாக்குகளில் கட்டித் தன் வான் வண்டியில் ஏற்றினார். பித்தளைக் குழாய்கள், இன்னும் நல்லாயிருந்த இரண்டு திருகு பைப்புகள், எல்லாம் போய்விட்டன. போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லவில்லை. இரண்டாம் நாள் ஜோவோ என்று ஒரு பிளம்பரைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒல்லியான நெடிய ஆள், வாய் திறக்காதவர். இருவருமாகப் படங்குத் துணியில் சுற்றிய எதையோ வானிலிருந்து இறக்கி, கார் விடுகிற இடத்தின் வழியாகக் கொண்டுபோனார்கள். பிறகு இரண்டு மணித்தியாலம் தட்டுகிற சத்தம். இடையிடையே அவர்களுடைய பாஷையில் பேச்சு, பெரிய சிரிப்பு.

அன்று பின்னேரம் தேவராஜா வந்ததும் அவரைக் கையோடு கீழே இழுத்துக்கொண்டு போனாள். ஷவர் வரவேண்டிய மூலையில் தார் பூசிய கறுப்புத் தட்டு ஒன்று கிடந்தது. விளிம்புகள் சுவரோடு அரை அடிக்கு மேலேறியிருந்தன. அதில் விளிம்பு தட்டத் தண்ணீர் நின்றது.

“பாருங்கோ, பைப் அடைச்சுப்போச்சு. விட்டிட்டு ஓடியிட்டான்.”

“விசர்க் கதை கதையாதையும். ஓட்டை இருக்கோ எண்டு பாக்கத் தண்ணி விட்டு வைச்சிருக்கினம். நாளைக்குக் காலமை வரைக்கும் இறங்காமல் நிண்டால் சரி.”

“டைலுக்குக் கீழே தண்ணி இறங்காமல் ஈயத் தகடு போடுறன் எண்டுதானே சொன்னவன்? இது ஈயமெண்டு எப்பிடித் தெரியும்? கறுப்பாய்த் தார் பூசிக் கிடக்கு.”

“ஈயத்துக்கு மேலே தார் பூசிறதுதான் முறையாம்.”

“ஆர் சொன்னது?”

“மிலான்.”

“அதைத்தான் நானும் கேக்கிறன்” என்றாள் சிவனேஸ்வரி. தேவராஜா பேப்பரை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார்.

மறுநாள் காலை தண்ணீர் அதே மட்டத்தில் நின்றது. மிலான் சுவரில் முன்பே பென்சிலால் போட்டிருந்த கோட்டைத் தொட்டுப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார், தண்ணீரைத் திறந்துவிட்டார். ஜோவோ அரை மணித்தியாலம் நின்று, ஷவருக்கு மேலே போகும் குழாயைப் பூட்டிவிட்டுப் போனார். அதன் பிறகுதான் மிலான் கதவைச் சாத்தி முட்டுக்கொடுத்தது.

சிவனேஸ்வரி துணி தோய்க்கிற சாட்டில் கீழே இறங்கினாள். கதவுக்கு அப்பால் உரசுகிற சத்தம், ஒரு பெருமூச்சு, பிறகு ஏதோ ஒரு ராகத்தை மூக்காலே இழுப்பது. அவள் கதவைத் தட்டினாள்.

“தேத்தண்ணி வேணுமா?” என்று இங்கிலிஸில் கேட்டாள்.

“வேண்டாம்! உள்ளே வராதே, மிஸிஸ்! வராதே!”

அந்தக் குரலில் இருந்த பதற்றம் அவளுக்கு நன்றாகக் கேட்டது. கள்ளம் இல்லாதவன் இப்படியா பதறுவான்?

பதினொரு மணிக்கு டெலிபோன் அடித்தது. பத்மா. கிளேட்டனில் இருக்கிற கோயம்புத்தூர்க்காரி. கணவர் பல்கலைக்கழகத்தில். தங்களுக்கு நான்கு வருசம் முந்தியே இந்த ஊருக்கு வந்தவள் என்பதால் எல்லா விஷயத்திலும் அவளிடம் ஒரு கதை இருக்கும்.

“கதவைச் சாத்திக்கிட்டா வேலை செய்யறான்? ஐயோ, சிவனேஸ்வரி, நீங்க ஒண்ணு. எங்க பக்கத்துத் தெருவுல ஒரு வீட்டுல இப்படித்தான். ஈயம் போடறேன்னு சொல்லிட்டு வெறும் தார்க் காகிதத்தை மடிச்சு வெச்சு மேல சாந்தைப் பூசிட்டுப் போயிட்டான். ஆறு மாசம் கழிச்சு சுவரே ஊறிப்போச்சு. மேல டைல்ஸ் போட்டாச்சுன்னா அடியில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஆமா, பாக்கணும்னா இப்பவே பாத்துக்கங்க. நாளைக்கு மூடிருவான்.”

டெலிபோனை வைத்த பிறகும் ‘நாளைக்கு மூடிருவான்’ என்பது காதில் நின்றது.

பன்னிரண்டு மணிக்கு மிலான் வெளியே வந்து, கையைக் கழுவி, தெருவில் நிறுத்தியிருந்த வானில் ஏறி உட்கார்ந்து பாணும் இறைச்சியும் சாப்பிடத் தொடங்கினார். குசினி ஜன்னலால் அவருடைய முதுகு தெரிந்தது. சிவனேஸ்வரி தேவராஜாவின் ஆயுதப் பெட்டியைத் திறந்து மஞ்சள் பிடி போட்ட திருப்புளி ஒன்றை எடுத்து, சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு கீழே இறங்கினாள்.

அறையில் ஈரச் சீமெந்து மணம். சுவர் பாதிக்குச் சாந்து பூசியிருந்தது. இரண்டு வாளிகளில் அவள் தானே கடைக்குப் போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கடுகு மஞ்சள் டைல்கள் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தன. நல்ல டைலைப் போய் ஏன் ஊறப்போட்டிருக்கிறான்? அதைப் பிறகு யோசிக்கலாம். ஷவர் மூலையில் தட்டைக் காணவில்லை. அதன் மேல் பழைய கம்பளி ஒன்று போர்த்தியிருந்தது.

மூடி வேறு வைத்திருக்கிறான்.

கம்பளியை விலக்கினாள். திருப்புளியின் நுனியால் தாரைச் சுரண்டினாள். தார் உரிந்த இடத்தில் வெள்ளியாய் ஒரு கோடு மின்னியது. கையோடு கொண்டுவந்த காகிதத் துண்டை அதில் தேய்த்தாள். பென்சிலால் இழுத்தது போலச் சாம்பல் கோடு விழுந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவளே செய்து காட்டிய சோதனை. ஈயம்தான். சந்தேகமேயில்லை.

அத்தோடு அவள் எழும்பி வந்திருக்கலாம். ஆனால் சந்தேகம் ஒன்று போனால் அந்த இடத்தில் இன்னொன்று வந்து குந்திக்கொள்கிறது. ஈயம் சரி, எவ்வளவு தடிப்பு? சிகரெட் பெட்டிக்குள் வருகிற தாள் மாதிரி மெல்லிசாகப் போட்டிருந்தால்? தகடு மடிந்து சுவரில் ஏறுகிற மூலையில் திருப்புளியை வைத்து அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல நுனி மெத்தென்று உள்ளே போயிற்று.

அதே நேரம் தெருவில் வான் கதவு அடிபட்டது.

திருப்புளியைப் பிடுங்கினாள். பக்கத்திலிருந்த தாரைப் பெருவிரலால் வழித்து அந்த இடத்தில் தேய்த்தாள். கம்பளியை இழுத்து மூடிவிட்டு மிலான் கீழ்க் கதவால் வருவதற்குள் மேலே ஓடி வந்துவிட்டாள். ஓட்டை விழுந்திருக்கும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அதைத் தனக்குத்தானே ஒத்துக்கொண்டிருப்பாளா என்பது வேறு கதை. பெருவிரலில் ஒட்டிய தார் இரண்டு நாளாகப் போகவில்லை. பின்வளவுப் படலைக்குப் பூசியிருந்த மை என்று தேவராஜாவிடம் சொன்னாள். அவர் நம்பினார்.

அடுத்த நான்கு நாளும் கதவு சாத்தியபடியே இருந்தது. உள்ளிருந்து டக், டக், டக் என்று டைலைத் தட்டுகிற சத்தம் நாள் முழுக்க வந்தது. ஒருதரம் மிலான் மேலே வந்து டெலிபோன் பேசலாமா என்று கேட்டார். அவருடைய பாஷையில் பேசினார், அவளைப் பார்த்தார், சிரித்தார், திரும்பவும் பேசினார். என்னைப் பற்றித்தான் கதைக்கிறான் என்று சிவனேஸ்வரி நிச்சயம் பண்ணிக்கொண்டாள். பெட்டியில் மிச்சமிருந்த டைல்களைப் பின்னேரங்களில் எண்ணினாள். எண்ணிக்கை சரியாகவே இருந்தது. சரியாக இருந்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

எட்டாம் நாள் மிலான் கதவை விரியத் திறந்து இருவரையும் கூப்பிட்டார். கடுகு மஞ்சள் சுவர் கண்ணாடி மாதிரி நின்றது. தரையில் வெள்ளைப் பொடி டைல்கள், ஒன்றுக்கொன்று ஒரு மயிரிழை விலகாமல், நடுத் துவாரத்தை நோக்கி மெல்லச் சரிந்து போயின. தேவராஜா சவர்க்காரம் வைக்கிற மாடத்துக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்தார்.

“ஒரு கிழமை குளிக்க வேண்டாம். காயட்டும்” என்றார் மிலான்.

“மேலே வடிவாய்த்தான் கிடக்கு” என்றாள் சிவனேஸ்வரி தமிழில்.

ஒரு கிழமை கழித்து தேவராஜா தினமும் கீழே குளிக்கத் தொடங்கினார். குளிக்கத் தொடங்கிய பதினோராம் நாள் உடுப்புத் தோய்க்கிற அறைச் சுவரின் அடியில், ஷவருக்கு முதுகுப் பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஈரம் தெரிந்தது. மறுநாள் அது இரண்டு உள்ளங்கை. வெள்ளைப் பூச்சு கொப்புளித்து நின்றது.

“இஞ்சாருங்கோ! ஓடி வாங்கோ!”

தேவராஜா குந்தியிருந்து சுவரைத் தொட்டார்.

“நான் சொன்னனானே” என்றாள். தன் குரலில் ஒரு சந்தோசம் இருந்தது அவளுக்கே கேட்டது. “கதவைச் சாத்தேக்கையே சொன்னனான். நீங்கள் கேக்கேல்லை.”

சனிக்கிழமை காலை மிலான் வந்தார். கோபப்படவில்லை, சாட்டுச் சொல்லவில்லை. முழங்காலில் நின்று சுவரைத் தடவி, விரலை மூக்கில் வைத்து மணந்தார். ஷவருக்குள் போய்ச் சின்ன உளியை வைத்து, தான் பதித்த டைல்களை ஒவ்வொன்றாகக் கிளப்பினார். அன்றைக்குக் கதவு திறந்தபடியே இருந்தது. தேவராஜா உள்ளே நின்றார், சிவனேஸ்வரி படிக்கட்டில். அடியிலிருந்த சாந்தை உடைத்து வாளியில் போட்டு, துணியால் துடைத்து, டோர்ச் அடித்த மிலான் மூலையை விரலால் தடவிப் பார்த்தார்.

“இங்கே பார்” என்று தேவராஜாவைக் கூப்பிட்டார். “வெட்டு. பழுது இல்லை, வெடிப்பு இல்லை. யாரோ தட்டையான இரும்பால் குத்தியிருக்கிறார்கள்.”

“உங்கள் சாந்துக் கரண்டி பட்டிருக்கலாம்” என்றார் தேவராஜா இங்கிலிஸில், மரியாதையாக.

“என் கரண்டி இவ்வளவு அகலம். இந்த வெட்டு இவ்வளவுதான்.” மிலான் விரல்களால் காட்டினார். பிறகு தனக்குத்தானே கணக்குப் போடுவது போல மெதுவாகச் சொன்னார்: “செவ்வாய் இரவு தண்ணீர் நின்றது. புதன் காலையும் நின்றது. அப்படியென்றால் அதற்குப் பிறகு. புதன்கிழமை ஜோவோ குழாய் பூட்ட வந்தான். அவன் இந்த மூலையில் கால் வைத்துத்தான் நின்றான்.”

அவர் எழும்பினார். முகம் செங்கல் நிறமாகிவிட்டது. படியேறி வந்து, சிவனேஸ்வரியிடம் கேட்காமலே டெலிபோனை எடுத்துச் சுழற்றினார். முதலில் தாழ்ந்த குரல். பிறகு சத்தம். பிறகு மேசையில் அடி. அந்தப் பாஷையில் ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும், திரும்ப எடுக்க முடியாத எதையோ அவர் சொல்கிறார் என்பது அவளுக்கு விளங்கிற்று. டெலிபோனை அடித்து வைத்துவிட்டுத் திரும்பினார்.

“பன்னிரண்டு வருசம்” என்றார். “ஒரே கப்பலில் வந்தோம். தகட்டைக் குத்திவிட்டு, எனக்குச் சொல்லாமல் போயிருக்கிறான். தெரியாது என்று சாதிக்கிறான். இனி அவனுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை.”

மிலான் கீழே இறங்கிப் போனார். சிவனேஸ்வரி குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றாள். பருப்பு கொதித்து விளிம்பால் வடிந்தது. அவள் அடுப்பைக் குறைக்கவில்லை. வெண்ணெயில் இறங்கியது போன்ற அந்த மெத்தென்ற உணர்வு இப்போது வலது கையில் திரும்பவும் வந்தது. இவ்வளவு நாளும் அதை நினைக்காமல் இருந்தாளா, நினைக்க விடாமல் இருந்தாளா? ஒருவருக்கும் தெரியாது. தேவராஜா நம்புவார். மிலான் ஏற்கெனவே நம்பிவிட்டார். அந்த ஒல்லி மனுசன் வாயே திறக்காதவன். அவன் சொன்னாலும் யார் கேட்கப்போகிறார்கள்?

அதுதான் அவளைச் சுட்டது. அடுப்பை அணைத்துவிட்டு, ஆயுதப் பெட்டியிலிருந்து மஞ்சள் பிடித் திருப்புளியை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

இரண்டு ஆண்களும் குந்தியிருந்தார்கள். அவள் நடுவில் குனிந்து திருப்புளியின் நுனியை அந்த வெட்டில் வைத்தாள். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது.

“ஜோவோ இல்லை” என்றாள். “நான்தான். புதன்கிழமை நீங்கள் சாப்பிடப் போனபோது.”

“என்ன விசர்க் கதை இது, சிவனேஸ்?” என்று தேவராஜா எழும்பிவிட்டார். “உமக்கு என்ன வேலை இதுக்குள்ளை?”

“ஈயமோ எண்டு பாத்தனான். பிறகு தடிப்பு எவ்வளவெண்டு பாத்தனான். கையிலை இருந்தது படலை மையில்லை, தார்.”

மிலான் அவளையும் திருப்புளியையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் கத்துவார் என்றுதான் அவள் காத்துக்கொண்டு நின்றாள். அவர் கவிழ்த்துப் போட்ட வாளியில் போய் உட்கார்ந்தார்.

“ஏன் என்னிடம் கேட்கவில்லை, மிஸிஸ்? கேட்டிருந்தால் காட்டியிருப்பேனே. வெட்டிய துண்டு மிச்சம் வானில் கிடந்தது. கையில் தந்திருப்பேன்.”

“நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். வராதே என்று கத்தினீர்கள்.”

“கதவா?” மிலான் நிமிர்ந்தார். கழுத்துவரை சிவந்துபோனார். அவளைப் பார்க்காமல் தேவராஜாவைப் பார்த்துச் சொன்னார்: “சின்ன அறை. சாந்துத் தண்ணீர் மேலெல்லாம் வடியும். நல்ல காற்சட்டை இரண்டுதான் இருக்கிறது. கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளுடுப்போடு வேலை செய்வேன். வீட்டில் பெண் இருக்கிறாள். அதற்காகக் கதவு.”

தேவராஜா பெரிதாகச் சிரித்தார். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டார்.

மிலான் திரும்பவும் மேலே போய் டெலிபோன் எடுத்தார். ஜோவோவின் மனைவி பேசினாள். அவர் வெளியே போய்விட்டாராம். அரை மணித்தியாலம் கழித்து எடுத்தபோது அவளும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை சிவனேஸ்வரியே, மிலானிடம் வாங்கிவைத்த எண்ணைச் சுழற்றினாள். ஜோவோதான் எடுத்தார். தகட்டைக் குத்தியது நான், உங்கள்மேல் பிழையில்லை என்று தெளிவாக, மெதுவாகச் சொன்னாள். மறுபக்கத்திலிருந்து “சரி” என்று ஒரு சொல் வந்தது. பிறகு டொக்கென்று வைக்கப்பட்டது.

ஈயத்தைப் பற்றவைக்க மிலான் வேறொரு பிளம்பரைக் கூட்டிவந்தார். தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுக்க நிற்கவைத்தார். புதுச் சாந்து போட்டு டைல்களைத் திரும்பப் பதித்தார். இந்த முறை பழைய நீலக் காற்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, கதவை விரியத் திறந்து வைத்துத்தான் வேலை செய்தார். மேலே நின்றால் எல்லாம் தெரியும். சிவனேஸ்வரி அந்த மூன்று நாளும் உடுப்புத் தோய்க்கவே கீழே போகவில்லை.

தேவராஜா அவளை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஒரு நாள் சாப்பிடும்போது மட்டும் தலையைத் தூக்காமல் சொன்னார்:

“நீர் என்னட்டைக் கேட்டிருக்கலாம்.”

“கேட்டனான். நீங்கள் பேப்பரைத் தூக்கிக்கொண்டு போயிட்டியள்.”

“ஓம்” என்றார் அவர்.

ஈரம் பற்றி எப்படியோ கேள்விப்பட்ட பத்மா டெலிபோன் எடுத்து, “நான் அப்பவே சொல்லல? இவனுங்களை நம்பவே கூடாது” என்று தொடங்கினாள். சிவனேஸ்வரி நடந்ததைச் சொன்னாள். “ஓட்டையைப் போட்டது நானெண்டு சொல்லுறன், பத்மா” என்று இன்னொருமுறை சொன்னாள். பத்மா சாம்பாருக்கு எந்தக் கடைப் பருப்பு நல்லது என்பதற்குப் பேச்சை மாற்றிவிட்டாள்.

ஆகஸ்டில் யோகராணி வந்தாள். கீழே குளித்துவிட்டு வந்து, “அக்கா, உங்கட ஷவர் ஹோட்டல் மாதிரிக் கிடக்கு, ஆர் கட்டினது?” என்று கேட்டாள். “மிலான் எண்டு ஒரு நல்ல மேசன்” என்றாள் சிவனேஸ்வரி. சுவர் காய்ந்தே இருந்தது.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, டண்டினொங் சந்தையில் முட்டைக்கோசு விற்கிற இடத்தில் அவள் மிலானைக் கண்டாள். பக்கத்தில் தலையில் துணி கட்டிய மனைவி. மிலான்தான் முதலில் தலையாட்டினார்.

“தண்ணீர்?”

“இல்லை. காய்ந்திருக்கிறது.” பிறகு கேட்டாள்: “ஜோவோ எப்படி?”

மிலான் கையிலிருந்த முட்டைக்கோசைப் புரட்டிப் பார்த்தார்.

“அவன் மனைவி என் மனைவியோடு பேசுகிறாள். அவன் என்னோடு பேசுவதில்லை. மூன்று தரம் போனேன். அன்றைக்கு டெலிபோனில் நான் அவன் தகப்பனைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டேன். போர்க் காலத்துக் கதை. சொல்லியிருக்கக் கூடாது.”

“நான் டெலிபோனில் சொன்னேனே, நான்தான் என்று.”

“சொன்னாய். குத்தியது நீதான் என்று அவனுக்குத் தெரியும். அவனைக் கேட்காமல் திட்டியது நான்.”

அவள் ஜோவோவின் விலாசத்தைக் கேட்டாள். மிலான் எதற்கு என்று கேட்கவில்லை. காகிதப் பையொன்றைக் கிழித்து, கடைக்காரனின் பென்சிலை வாங்கி, நோபிள் பார்க்கில் ஒரு தெருப் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொடுத்தார்.

அடுத்த நாள் கலா பள்ளிக்கூடம் போனபின் அவள் பஸ் எடுத்துப் போனாள். சின்ன மர வீடு. முன்வளவில் தக்காளிக் கன்றுகளுக்குத் தடி ஊன்றிக்கொண்டிருந்த நெடிய உருவம் நிமிர்ந்து பார்த்தது. சேலை கட்டிய பெண்ணை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. கேற்றைத் திறக்கவில்லை.

சிவனேஸ்வரி கேற்றுக்கு வெளியே நின்றபடியே சொன்னாள். கதவு சாத்தியிருந்தது, எனக்குப் பயம் வந்தது, சிநேகிதி ஒருத்தி ஒன்று சொன்னாள், திருப்புளி எடுத்துப் போனேன், குத்தினேன், மூடினேன். மிலான் உண்மை தெரியாமல்தான் உங்களைத் திட்டினார், தெரிந்த அதே நேரமே உங்களைத் தேடினார்.

ஜோவோ தடியைக் கையில் பிடித்தபடி முழுவதும் கேட்டார். அவருடைய சிறிய சாம்பல் கண்கள் அவளுடைய முகத்தை, கைப்பையை, தெருவில் அவளுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்தன.

“மிலான் உன்னை அனுப்பினானா?” என்று கேட்டார்.

“இல்லை. நானாக வந்தேன்.”

“இந்த விலாசம் யார் தந்தது?”

“மிலான்.”

அவர் தலையை ஆட்டினார், எல்லாம் தெரியும் என்பது போல. அந்தப் பார்வையை அவளுக்கு நன்றாகத் தெரியும். எந்தப் பதிலைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் இன்னொன்றைத் தேடுகிற பார்வை. அதோடு வாதாடிப் பயனில்லை என்பதும் தெரியும்.

திரும்பிப் போக பஸ் இருபது நிமிசத்தில் வரும். சிவனேஸ்வரி கைப்பையைக் கீழே வைத்தாள். கேற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திரும்பவும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.